உறைவதும் கரைவதும்

விரலில் கத்தி பட்டால் சற்று நேரத்தில் இரத்தம் உறைந்து நின்றுவிடுகிறது. ஃபைபிரின் என்னும் நார் அங்கே வலையாகப் பின்னிக்கொள்கிறது. காயம் ஆறும்போது பிளாஸ்மின் என்னும் பொருள் அவ்வலையைக் கரைக்கிறது. இந்த இரண்டும் அளவோடு நடந்தால்தான் நாம் பிழைக்கிறோம்.

இதை மருத்துவ உலகுக்கு விளக்கியதில் நம் வட்டாரத்துக்கும் பங்கு உண்டு. 1950களில் ஜார்ஜ் டவுனிலுள்ள பினாங்குப் பொது மருத்துவமனையில் டாக்டர் அலிஸ்டர் ரீட் பணியாற்றினார். மலாயாக் குழிவிரியன் தீண்டியவர்கள் அவரிடம் வந்தார்கள். அது நம் ரப்பர்க் காடுகளில் வாழும் பாம்பு. கடிபட்ட சிலருடைய இரத்தம் பல நாள் வரை கண்ணாடிக் குழாயில் உறையவில்லை. நஞ்சு வலுவற்ற நாரை உண்டாக்க, உடல் அதை உடனுக்குடன் கரைத்துவிட்டது. வலை பின்ன மூலப்பொருள் மிஞ்சவில்லை. ரீடும் உடன் பணியாற்றியோரும் 1963இல் இதை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இரத்தக் கட்டியைத் தடுக்கும் ஆர்வின் என்ற மருந்தும் அந்நஞ்சிலிருந்து பிறந்தது.

இதே சமநிலை சிறுநீரக மாற்றுச் சிகிச்சையிலும் உயிர்நாடி. நம் நாட்டில் அச்சிகிச்சை முதன்முதலில் 1975 டிசம்பரில் கோலாலம்பூர் மருத்துவமனையில் நடந்தது. புதிய சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்களை நோயாளியின் குழாய்களோடு தைக்கிறார்கள். அங்கே இரத்தம் கட்டி அடைத்தால் சிறுநீரகம் விரைவில் மடிந்துவிடும். உறையாமல் போனாலோ இரத்தம் பெருகும். முதல் சில நாட்கள் மருத்துவர்கள் கண்ணை இமை காப்பதுபோல் காக்கிறார்கள்.

நாம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: பாம்பு தீண்டிய இடத்தைக் கீறக் கூடாது. உறையாத இரத்தம் நில்லாது. உடனே மருத்துவமனைக்குச் செல்வோம்.