நீக்கிய பெயர் மீண்ட கதை

ஓர் இடாப்பு ஓரிடத்தில் மாத்திரம் இருக்குமாயின், அதிற் பெயரைச் சேர்ப்பதும் வெட்டுவதும் எளிய காரியங்கள். அதற்குப் பல ஊர்களிற் பல படிகள் இருந்து, ஒவ்வொன்றிலும் திருத்தம் செய்ய இடமுண்டாயின், அவை ஒத்திருப்பது எங்ஙனம்?

அமெரிக்காவின் செரொக்ஸ் நிறுவனத்தார் 1980களில் தம் கணினிகளை ஒரே வலையாய் இணைத்திருந்தனர். பெயர்களையும் முகவரிகளையும் தாங்கிய 'கிளியரிங்ஹவுஸ்' என்னும் இடாப்பின் சில பகுதிகளுக்கு நூற்றுக்கணக்கான படிகள் இருந்தன. திருத்தம் உடனே எங்கும் சேரவேண்டியதில்லை. காலப்போக்கில் யாவும் ஒத்துவந்தாற் போதும் என்பதே ஏற்பாடு. ஆயினும் 1986இல் அவ்வலை இடர்ப்பட்டபோது, படிகளை ஒப்பச்செய்ய ஓடிய செய்திகளே பெரும் பாரமாயிருந்தமை தெரியவந்தது.

1987இல் அலன் டெமேர்சும் அவர்தம் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை, நோய் பரவும் விதத்தை முன்மாதிரியாகக் கொண்டது. ஒவ்வொரு கணினியும் எழுமாற்றாகத் தெரிந்த மற்றொன்றோடு தன் படியை ஒப்பிடும். பிந்திய நேரக்குறி உடையதே கொள்ளப்படும். புதுச்செய்தி வதந்தியைப் போல எங்கும் பரவிவிடும்.

சிக்கல் நீக்கத்தில் வந்தது. இங்கே வெட்டிய பெயர் அயற் கணினியின் பழைய படியில் இருக்கும். ஒப்பிடும் வேளையில் அதனைப் புதுவரவென்று எண்ணி, வெட்டிய கணினியே மீண்டும் எழுதிக்கொள்ளும். இறந்தவர் எழுந்துவந்த கதைதான்! ஆகவே வெட்டிய இடத்தில், நேரக்குறியோடு கூடிய 'மரண அத்தாட்சிப் பத்திரம்' ஒன்றை வைத்தார்கள். பழைய பெயரைக் கண்டவிடத்து அது அழித்துவிடும். அப்பத்திரத்தை எத்தனை நாள் வைத்திருப்பது? என்றும் வைத்தால் இடம் போதாது. விரைவில் எறிந்தால், நெடுநாள் தொடர்பற்றிருந்த கணினியொன்று பழைய பெயரோடு திரும்பிவரும். குறித்த காலத்தின்பின் பெரும்பாலான இடங்களில் அதனை அழித்து, சில இடங்களில் மாத்திரம் உறங்கவைத்து, வேண்டியபோது எழுப்பலாம் என்றனர். முழுத் தீர்வு அன்று. ஆயினும் கெட்டித்தனமான யோசனை.

இருபது ஆண்டுகளின்பின், 2007இல், அமேசன் நிறுவனத்தார் 'டைனமோ' பற்றி எழுதினர். கொள்வனவுக் கூடையிற் சேர்த்த பொருள் ஒருபோதும் தவறலாகாதென்று, வேறுபட்ட படிகளை அவர்கள் ஒன்றுசேர்த்தனர். அதனால் நீக்கிய பொருள் மீண்டும் தோன்றலாம் என்று தாமே ஒப்புக்கொண்டனர். வணிகருக்கு அது சிறு தொல்லை. வைத்தியசாலையின் மருந்துப் பட்டியலிலும் அவ்வாறு விட்டுவிடலாமா?

2011இல் மார்க் ஷபீரோவும் வேறு மூவரும் வகுத்த அமைப்புகளுள் ஒன்றில், ஒவ்வொரு சேர்ப்புக்கும் தனி அடையாளம் உண்டு. நீக்குபவர் தாம் கண்ட அடையாளங்களை மாத்திரமே நீக்கலாம். அவர் காணாதபோது பிறர் சேர்த்தது நிலைக்கும். செய்திகள் எவ்வழியாகச் சுற்றி வந்தாலும், யாவும் வந்து சேர்ந்தபின் படிகள் ஒன்றாகும். எனினும் இருவர் ஒரே வேளையில் மாறுபட்டால், சேர்ப்பே வெல்லும் என்பது கணிதம் இட்ட கட்டளையன்று. நீக்கமே வெல்லுமாறும் அமைக்கலாம். எது வேண்டுமென்று இடாப்பை வகுப்பவரே முன்கூட்டித் தீர்மானிக்கிறார்.