பாக்குக்குக் கிடைத்த நற்சான்றிதழ்

கணக்கு முடிக்கிற வேலையில் பத்து நாளாக இந்தப் பக்கம் தலை காட்ட முடியவில்லை. நான் படித்தது பி.காம்., இன்று எழுதப்போவது செல்களைப் பற்றி. பயாலஜி படித்தவர்கள் திட்டாமல் திருத்துங்கள்.

ஆஸ்டின் டவுனில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் (அரசாங்கக் கணக்கில் கிட்டல் நகர், ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லித்தான் பாருங்களேன்!) பிஎச்.டி. முடித்து இப்போது பெங்களூரிலேயே போஸ்ட்டாக் செய்கிறாள். எபிதீலியல் செல்கள் எப்படி வளர்கின்றன, எந்த இடத்தில் வழி தவறிப் புற்றாகின்றன என்பது அவள் ஆராய்ச்சி. லீவில் போனபோது வீட்டுக்கு வந்தவள், சுவரில் இருந்த பாட்டி படத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, பாட்டி கடைசில வாயை எவ்ளோ தொறப்பாங்க?" என்றாள். இரண்டு விரல்கூட நுழையாது என்றேன்.

பாட்டி 1988-இல் புகையிலையை விட்டார். ஒரு டாக்டர் சொன்னார் என்பதற்காக. "வெத்தலை பாக்கு போட்டுக்கலாம், புகையிலை மட்டும் வேண்டாம்" என்றாராம். 2001-இல் கன்னத்தில் புற்று வந்து போய்ச் சேர்ந்தார். அந்த டாக்டரை இத்தனை வருஷமும் மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன். அந்தக் கோபத்தில்தான் இந்த சரித்திரத்தைத் தோண்ட ஆரம்பித்தேன்.

தோண்டினால் முதலில் வந்தது நம்ம ஊர். நெய்யூர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், அன்று திருவிதாங்கூர். அங்கே லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியில் 1924-இல் எவரெஸ்டில் 28,000 அடி வரை ஏறிய சாமர்வெல் என்ற சர்ஜன் இருந்தார். (மலையை விட்டுவிட்டு நெய்யூரில் வந்து உட்கார்ந்த மனுஷன். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.) அவரோடு வேலை பார்த்த ஐ.எம். ஆர் என்ற டாக்டர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்று பற்றி 1933-இல் லான்செட் இதழில் எழுதினார். 1944-இல் பம்பாயில் கனோல்கர் ஆயிரம் வாய்ப்புற்று நோயாளிகளை ஆராய்ந்து எழுதினார்.

அடுத்தது நான் இப்போது உட்கார்ந்திருக்கும் கென்யா! இங்கே வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களுக்கு வாய் இறுகித் திறக்க முடியாமல் போனதை ஷ்வார்ட்ஸ் என்பவர் 1952-இல் அறிவித்தார். அவர் வைத்த பெயரிலேயே 'காரணம் தெரியாத' என்று அர்த்தம் வரும் ஒரு லத்தீன் சொல் இருக்கிறது. 1953-இல் பம்பாயின் ஜோஷி 'சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்' என்றார். 1956-இல் டாட்டா மெமோரியலின் பேமாஸ்டர், இப்படி இறுகிய வாயில் புற்று வருவதைக் கவனித்து எழுதினார்.

இதை அந்தப் பெண் எனக்குப் புரிய வைத்த விதம் அருமை. வாயின் உள்தோலில் அடி வரிசைச் செல்கள்தான் பிரிந்து பெருகும். புதியவை மேலே ஏறி, முதிர்ந்து, உதிர்ந்துவிடும். எத்தனை பெருகணும், எப்போது முதிரணும் என்று கீழே இருக்கும் திசுவும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. பாக்குச் சாறு அந்தக் கீழ்த்திசுவில் கொலாஜன் நார்களைக் குவித்து இறுக்குகிறது. மேல்தோல் மெலிகிறது. பாக்கின் ரசாயனங்கள் செல்களின் டி.என்.ஏ.வையும் கெடுக்கின்றன. கெட்ட செல், அடிச்சவ்வைத் துளைத்துக் கீழே இறங்கினால் அதுதான் புற்று.

"அப்போ புகையிலை இல்லாமலேயும்?" என்றேன். "பாக்கே போதும் மாமா."

சரி, இது எப்போது அதிகாரபூர்வமானது? லியோனில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985-இல், புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்றது. புகையிலை இல்லாத வெற்றிலைக்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றும் சொல்லிவிட்டது. பாக்கே குற்றவாளி என்ற அறிக்கை வெளிவந்தது 2004-இல்!

ஆக, 1988-இல் அந்த டாக்டர் சொன்னது அன்றைய புத்தகத்தின்படி சரிதான். வைவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது எனக்கு. என்னத்தச் சொல்ல... ஆதாரம் இல்லை என்பதை, ஆபத்து இல்லை என்று நாங்கள் எல்லோரும் படித்துக்கொண்டோம். பேங்கில் இப்படிப் படித்தால் சீட்டு கிழிந்துவிடும்.

அம்மாவும் போடுவார், புகையிலை இல்லாமல். நைரோபி திரும்பியதும் போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன். நெய்யூர், கென்யா, கொலாஜன் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சரிப்பா, பாட்டியோட பித்தளைச் சுண்ணாம்பு டப்பாவை என்ன பண்றது?" என்றார்.

குங்குமம் போட்டு வைம்மா என்றேன்.