கம்பிவேலிக்குள் ஒரு பூத்தையல்

1941 டிசம்பர். ஜெர்மனியில் டோசல்-வார்பர்க் போர்க்கைதி முகாம். அலெக்ஸிஸ் காஸ்டாக்லி என்ற பிரிட்டிஷ் மேஜர் ஊசியில் நூலைக் கோத்து கிராஸ் ஸ்டிச் போட உட்கார்ந்தார். அந்த ஆண்டு கிரீட் தீவு ஜெர்மானியர் வசமானபோது பிடிபட்டவர் அவர். துணி, சக கைதி ஒருவர் கொடுத்தது. நூல், வயதான கிரீட் தளபதி ஒருவரின் நைந்துபோன ஸ்வெட்டரிலிருந்து உருவியது.

நடுவில் தன் பெயர், முகாம், மாதம், ஆண்டு. சுற்றிலும் சிங்கம், கழுகு, ஸ்வஸ்திகா. ஓரம் முழுக்கப் புள்ளியும் கோடுமாகக் கரை. முகாம் அதிகாரிகளுக்கு வேலைப்பாடு பிடித்துப்போய், அதைக் காட்சிக்கே வைத்தார்கள். அந்தக் கரை மோர்ஸ் சங்கேதம் என்பது அவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஒரு செய்தி, அரசரைக் கடவுள் காக்கட்டும் என்பது. இன்னொன்று, ஹிட்லருக்கு அச்சில் போட முடியாத வசவு!

இதன் அருமை ஊசி பிடித்தவருக்குத்தான் தெரியும். பணி ஓய்வுக்குப் பிறகு நானும் போடுகிறேன். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள ஐடா துணி. ஆறு இழை ஆங்கர் நூலில் இரண்டு இழை பிரித்துக் கோக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி. எல்லாமே எண்ணிக்கைதான். மோர்ஸில் 'ஜி' என்றால் இரண்டு கோடு, ஒரு புள்ளி. 'எச்' என்றால் நான்கு புள்ளி. ஒரு புள்ளி கூடினாலோ குறைந்தாலோ எழுத்தே மாறிப்போகும். காவலர் கண்ணெதிரே அந்த மனிதர் இந்தக் கணக்கைப் பிசகாமல் போட்டிருக்கிறார்.

"என்ன மாமா, பொம்பளைங்க வேலையில இறங்கிட்டீங்க?" என்று உறவில் ஒரு பிள்ளை கேட்டான். கடைத்தெருவில் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் டெய்லரும் ஆண்தானே? கூலிக்குத் தைத்தால் தொழில், ஆசைக்குத் தைத்தால் கேலி. இது என்ன நியாயம்?

வரலாறு இந்தக் கேலிக்கு இடம் கொடுக்கவில்லை. இடைக்கால இங்கிலாந்தின் புகழ்பெற்ற தேவாலய அங்கிகளுக்கு லண்டன் பட்டறைகளில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே பூ வேலை செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் மாலுமிகள் தங்கள் கப்பலின் உருவத்தைக் கம்பளி நூலால் தைத்துப் படமாக்கினார்கள். பாய்மரத் துணியைத் தைத்துப் பழகிய கைக்கு ஊசி அந்நியமில்லை.

முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் ஆண்கள் ஊசி பிடிக்க இன்னொரு தேவை வந்தது. கை கால் இழந்து படுத்த படுக்கையான சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நடிகர் எர்னஸ்ட் தெசிகர் போரில் காயம்பட்டவர், பூத்தையலில் தேர்ந்தவர். ஊனமுற்ற படைவீரர்களுக்கு வருமானம் தரும் பூத்தையல் அமைப்பு ஒன்று உருவாக அவர் முன்னின்றார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் பலிபீடத் துணி ஒன்றும் காயம்பட்ட சிப்பாய்களின் கைவேலைதான். 1919-இல் நடந்த நன்றி வழிபாட்டில் அதை விரித்தார்கள்.

அமெரிக்காவில் ரோஸி கிரியர் என்ற மலைபோன்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் 1973-இல் ஆண்களுக்கென்றே கித்தான் தையல் புத்தகம் எழுதினார். அவரைக் கேலி செய்ய எவனுக்குத் துணிச்சல் வந்திருக்கும்?

கப்பல், ஆஸ்பத்திரி, சிறை. எங்கும் போக வழியின்றி, பொழுது மலைபோல் குவிந்த இடங்களில் ஆண்கள் ஊசியை எடுத்திருக்கிறார்கள். காஸ்டாக்லி முகாமில் மற்ற அதிகாரிகளுக்கும் தையல் சொல்லிக் கொடுத்தார். அவர் உயிரைக் காத்தது செஞ்சிலுவைச் சங்கம். புத்தி பேதலிக்காமல் காத்தது தையல் என்பது அவர் மகன் சொன்ன கணக்கு. கடற்படை கேப்டனாக இருந்த அந்த மகனும் அப்பாவைப் போலவே ஊசி பிடித்தவர். 2011-இல் அந்தத் துணியை லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள்.

ஓய்வு பெற்று, பொழுது போகாமல் வீட்டாரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் ஆண்களுக்கு என் சிபாரிசு: ஒரு முழம் ஐடா துணியும் நாலு நிற நூலும் வாங்குங்கள். கேலி ஒரு வாரத்தில் அடங்கிவிடும்.