வாவியின் ஒலியும் ஓவியத்துக் கன்னியரும்

'மீன்பாடும் தேனாடு' எனப் பெயர்பெற்ற மட்டக்களப்பின் வாவியிலிருந்து நிலவு நாள் இரவுகளில் எழும் இசையொலியை ஐரோப்பிய வாசகருக்கு விரிவாக எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர், 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக, அதாவது ஆளுநருக்கு அடுத்த நிலை அதிகாரியாக, இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் ஆவார். 1848 செப்டெம்பரில் படகேறிச் சென்று அவர் கேட்டது நீண்டிழுத்த ஒரே சுரமன்று. ஒவ்வொன்றும் தனித்துத் தெளிந்த எண்ணற்ற நுண்ணொலிகளின் தொகுதி. மதுக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்கையில் எழும் அதிர்வை அது ஒத்திருந்ததாகவும், படகின் பலகையில் காதை வைத்தபோது ஒலி வலுத்ததாகவும் 1859இல் வெளிவந்த தமது நூலில் அவர் குறித்துள்ளார். அவ்வொலியை ஊரி எனப்படும் சிறு சிப்பியினத்தின் அழுகை என்றே அவ்விடத்து மீனவர் கூறினர். நீரடியிலிருந்து அவற்றை எடுத்தும் காட்டினர்.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், நீரில் பிறக்கும் பாடலுக்கு இலண்டன் ஓவியர்கள் பெண்ணுடல் கொடுத்தனர். எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் 1886இல் அரச கலைக்கழகத்தில் காட்சிக்கு வைத்த 'கடலின் ஆழங்கள்' ஓவியத்தில், மீன்வால் கொண்ட கன்னி மாலுமி ஒருவனை இடுப்போடு தழுவிக் கடலடிக்கு இழுத்துச் செல்கிறாள். அவன் உயிர் பிரிந்துவிட்டது, அவள் இதழிலோ புன்னகை. ஜோன் வில்லியம் வாட்டர்ஹவுஸ் 1891இல் தீட்டிய ஓவியத்தில், பாடி மயக்கும் சைரன்கள் பழங்கிரேக்கக் கலயச் சித்திரத்தைப் பின்பற்றிப் பெண்முகப் பறவைகளாக யுலிசீசின் கப்பலைச் சூழ்கின்றன. 1900இல் அவரே தீட்டிய கடற்கன்னியோ மீன்வாலுடன் கரையில் அமர்ந்து கூந்தல் வாருகிறாள், அருகிலுள்ள சிப்பியில் முத்துகள் கிடக்கின்றன.

தூரிகைக்கு ஒலி வசப்படாது. ஆகவே கேட்டவனுக்கு நேரும் மயக்கத்தையும் அழிவையும் வரைந்தே பாடலின் வலிமையை அவர்கள் உணர்த்தினர். மீனவர் சொல்லிலோ மயக்கமும் இல்லை, மரணமும் இல்லை. ஆழ்கடலோடிகளின் அச்சத்தில் சைரன் கதை வேரூன்றியது என்றும், நாள்தோறும் வலைவீசிப் பிழைக்கும் ஆழங்குறைந்த வாவியில் அத்தகைய அச்சத்துக்கு இடமிருக்கவில்லை என்றும் கருதலாம். எனினும், இன்று மட்டக்களப்பு நகரில் இந்த இசைக்கு அடையாளமாகச் சிலைவடிவில் நிற்பது ஊரியன்று, கடற்கன்னியே.

டெனன்டே கடற்கன்னிக் கதைகளின் மூலமாகச் சுட்டிய மன்னார்க் கடலின் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, அடுத்த பகுதி ஆராயும்.