திண்டுக்கல் தோலும் கொலாஜன் புரதமும்

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் கூடத்தைத் ‘தோல் ஷாப்’ என்பார்கள். உப்பிட்டு வந்த ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அங்கே சுண்ணாம்புக் குழியில் ஊறுகின்றன. மயிரும் கொழுப்பும் சவ்வும் நீங்கிய பின் எஞ்சுவது பெரும்பாலும் ஒரே பொருள்தான்: கொலாஜன் என்னும் நார்ப்புரதம். ஆய்வகத் தட்டில் மெல்லிய படலமாகப் படிந்து உயிருள்ள செல்களைப் பிடித்துவைப்பதும் இதே புரதம். பதனிடுவோர் எதுவும் ஒட்டி அரிக்காதபடி கொலாஜனை மாற்றினார்கள். மருத்துவர்களுக்கோ செல்கள் ஒட்டும் கொலாஜன் தேவைப்பட்டது.

பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலைப் பதமாக்கின. அவற்றிலுள்ள டானின், கொலாஜன் இழைகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் சேரும். பழனி மலையில் வனத்துறை வாட்டில் மரம் வளர்த்ததும் பட்டையில் கிடைக்கும் டானினுக்காகவே. பின்னர் வந்த குரோமிய உப்பு வேலையை விரைவாக்கியது. வெந்நீரில் ஏறக்குறைய 65 பாகை செல்சியஸில் சுருங்கும் பச்சைத்தோல், குரோமியம் ஏறியபின் 100 பாகையையும் தாங்கும். இந்த வேலையைச் செய்தவர்களின் கைகளும் கொலாஜனால் ஆனவைதாம் என்பதை வேதியியல் நூல்கள் சொல்வதில்லை. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவல் சொல்கிறது. அதற்கு 2012இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

கொலாஜனின் வடிவம் தெளிவானதும் தமிழ்நாட்டில்தான். சென்னை அடையாற்றில் 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்த ஜி. என். இராமச்சந்திரன், அந்நிறுவனத்திலிருந்து கங்காரு வால் நாணைப் பெற்று எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார். அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பை முன்வைத்து, மறுஆண்டே அதைத் திருத்தி முறுக்கிய மும்மைச் சுருளாக்கினார்கள். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசீன் வரும். மூலக்கூறின் நீளம் ஏறத்தாழ 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர்.

இப்படி நீண்டு மெலிந்த மூலக்கூறு ஒரு பரப்பில் படிவது தனிக்கதை. பொருள் உள்ளே ஊறாமல் மேலே மட்டும் தங்குவதைப் பரப்புக் கவர்தல் என்கிறோம். உடலிலோ தட்டிலோ ஓர் அந்நியப் பொருள் நனைந்தால், செல் வந்து சேருமுன் புரதங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. முதலில் வந்த புரதத்தைப் பின்னால் வருவது இடம்பெயர்க்கக்கூடும் என்பதை 1962இல் காட்டியவர் லியோ ஃப்ரோமன். (இவர் டச்சு மொழியில் பெயர்பெற்ற கவிஞரும்கூட.) நீரை விலக்கும் பாலிஸ்டைரின் போன்ற பரப்பில் கொலாஜன் கூடுதலாகப் படிந்து இழைவலை பின்னும். நீர்நாட்டமுள்ள பரப்பில் படலம் பெரும்பாலும் வழவழப்பாக அமையும். உலர்த்தும் வேகமும் முக்கியம்: மெதுவாக உலர்ந்தால் இடைவெளிகளுள்ள வலை, விரைந்து உலர்ந்தால் சீரான படலம். எவ்வளவு புரதம் படிந்தது என்று அளப்பது மட்டும் போதாமல், எப்படிப் படிந்தது என்றும் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

1956இல் எர்மனும் ஜார்ஜ் கையும் எலிவால் கொலாஜன் கூழின்மேல் செல்களை வளர்த்துக் காட்டினார்கள். 1974இல் க்ளீப், கொலாஜனில் செல் ஒட்டுவதற்குச் சீரத்திலுள்ள ஒரு காரணி உதவுவதைக் கண்டார். அது ஃபைப்ரோனெக்டின் என்று பின்னர் தெரிந்தது. பாலம் இல்லாமலும் செல் ஒட்டும். செல்லின் மேலுள்ள இன்டெக்ரின் புரதங்களில் சில, மும்மைச் சுருளில் உள்ள ஒரு சிறு வரிசையை நேரே பற்றுகின்றன. அந்த வரிசையில் உள்ள குளுட்டாமிக் அமிலத்தின் கார்பாக்சில் முனை, இன்டெக்ரினில் இருக்கும் உலோக அயனியோடு பிணைகிறது. சுருள் குலைந்து ஜெலட்டின் ஆகிவிட்டால் இந்தப் பிடி போய்விடும். அப்போது உள்ளே மறைந்திருந்த வேறு வரிசைகள் வெளிப்பட்டு, வேறு இன்டெக்ரின்கள் வந்து பற்றும்.

தோல் ஷாப்பில் குரோமியம் தேடிப் பிடிப்பதும் இத்தகைய கார்பாக்சில் முனைகளைத்தான். ஒன்றில் உலோகம் செல்லின் கைப்பிடி, மற்றதில் பூட்டு.

அடையாறு நிறுவனம் பதனிடாத கொலாஜனிலிருந்து தீக்காயத்துக்கான மென்படலத்தை உருவாக்கியது. புண்ணில் அது ஈரத்தைக் காத்து, புதுச்செல்கள் நகர்ந்துவரத் தளமாகிறது.

திண்டுக்கல் சமவெளியில் எஞ்சியது வேறு. தோலைப் பாக்டீரியாவிடமிருந்து காக்கப் போட்ட உப்பும் குரோமியமும் கழிவுநீரோடு நிலத்தில் இறங்கின. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் நடந்த தன்னார்வ ஆய்வொன்றைக் குறிப்பிடுகிறது: 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்தன. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

சுண்ணாம்புக் குழியிலிருந்து வரும் சீவல், ஓரத்துண்டு ஆகியவற்றிலிருந்து ஜெலட்டினோ கொலாஜனோ எடுக்கலாம். குரோமிய உருளைக்குள் ஒருமுறை போய்வந்த தோலில் முதலில் குரோமியத்தைப் பிரிக்க வேண்டும்.