பனிவெளியும் வெற்றுச் செயலும்

1974-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், மாஸ்கோவின் புறப்பகுதியான பெல்யாயெவோவில், அரசு ஏற்பைப் பெறாத ஓவியர்கள் சிலர் திறந்தவெளியில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தனர். புல்டோசர்களும் தண்ணீர் லாரிகளும் ஏவப்பட்டு அக்காட்சி சிதைக்கப்பட்டது. உலகெங்கும் கண்டனம் எழவே, இரு வாரங்களுக்குப் பின் இஸ்மாய்லோவோ பூங்காவில் சில மணி நேரக் காட்சிக்கு அனுமதி கிடைத்தது. சிதைப்பதற்கு ஒரு பொருள் இருந்ததனால்தான் சிதைக்க முடிந்தது. பொருளே இல்லாத கலையை எந்த இயந்திரம் கொண்டு அழிப்பது?

1976 மார்ச் 13 அன்று அதே இஸ்மாய்லோவோ வெளியில் ‘தோற்றம்’ என்னும் நிகழ்வு நடந்தேறியது. அழைப்புப் பெற்று வந்த முப்பது பேர் வயலின் ஓரத்தில் காத்து நின்றனர். எதிர்ப்புறக் காட்டினின்று இருவர் வெளிப்பட்டனர். வெளியைக் கடந்து வந்தனர். நிகழ்வில் கலந்துகொண்டமைக்கான சான்றிதழை ஒவ்வொருவர் கையிலும் தந்தனர். அவ்வளவே நிகழ்வு. அடுத்த மாதத்தில், பனியின் அடியில் புதைக்கப்பட்ட மின்மணி ஒன்று, பார்வையாளர் வருமுன்னரே ஒலிக்கத் தொடங்கி, அவர்கள் அகன்ற பின்னரும் ஒலித்துக்கொண்டிருந்தது.

‘கூட்டுச் செயல்கள்’ என்று பெயர்பெற்ற இக்குழுவின் மையமாக விளங்கியவர் ஆந்திரேய் மொனஸ்தீர்ஸ்கி. கவிதையிலிருந்து நிகழ்வுக் கலைக்கு வந்தவர் அவர். நிகீத்தா அலெக்செயெவ், கியோர்கி கிஸெவால்த்தர், நிக்கொலாய் பனித்கொவ் ஆகியோர் உடனிருந்தனர். நூலக அட்டைகளில் கவிதை எழுதிப் புகழ்பெற்ற லெவ் ரூபின்ஸ்டைனும் தொடக்கத்தில் துணைநின்றார். சொல்லின் எல்லையை உணர்ந்தவர்களே சொல்லுக்கு வெளியே நடந்து பார்த்தனர் எனலாம்.

1977 ஜனவரியில், மாஸ்கோவுக்கு வெளியே இரு மரங்களுக்கிடையே பத்து மீட்டர் நீளமுள்ள சிவப்புத் துணி கட்டப்பட்டது. வெள்ளை எழுத்துகள், சிவப்புப் பின்னணி: சோவியத் வீதிகளில் எங்கும் காணப்பட்ட முழக்கப் பதாகையின் அச்சு அசலான உருவம். ஆனால் அதில் கட்சியின் குரல் இல்லை. முன்பின் அறியாத இடத்தில் நின்று, தனக்குக் குறையேதும் இல்லை என்று கூறும் ஒரு தனிமனிதக் குரலே இருந்தது. அதிகாரத்தின் மொழிவடிவம், கேட்க ஆளில்லாத காட்டில் இவ்வாறு தன் கட்டளைத் தன்மையை இழந்தது.

இக்குழுவின் நோக்கம் முழுமையாக வெளிப்பட்ட நிகழ்வு, 1981 பிப்ரவரி 1 அன்று கியெவொகோர்ஸ்கி வயலில் நடந்த ‘பத்துத் தோற்றங்கள்’ ஆகும். பனிமீது கிடத்திய பலகையில் பத்து நூற்கண்டுகள். ஒவ்வொன்றிலும் இருநூறு, முந்நூறு மீட்டர் வெள்ளை நூல். ஓவியர் இல்யா கபக்கோவ் உள்ளிட்ட பத்துப் பேர், நூல்முனையைப் பற்றிக்கொண்டு வெவ்வேறு திசைகளில் காட்டை நோக்கி நடந்தனர். வயல் கண்ணுக்கு மறைந்ததும், நின்று நூலை இழுத்தனர். நூலின் மறுமுனையில் வந்து சேர்ந்த தாளில் இடம், நாள், அமைப்பாளர் பெயர் ஆகிய விவரங்கள் மட்டுமே இருந்தன. அடுத்துச் செய்ய வேண்டியது யாதென்று எந்தக் குறிப்பும் இல்லை. எண்மர் வயலுக்குத் திரும்பினர். இருவர் திரும்பாமல் சென்றுவிட்டனர். திரும்பியவர்களுக்குக் காட்டிலிருந்து தொலைவில் ஓர் உருவம் வெளிப்படும் ஒளிப்படம் வழங்கப்பட்டது. ‘இன்னாரின் தோற்றம்’ என அவரவர் பெயர் பொறித்த அப்படங்கள், முன்னதாகவே எடுக்கப்பட்டவை!

திரும்புமாறு எவரும் ஆணையிடவில்லை. திரும்பாதவர் பிழைசெய்தவரும் அல்லர். ஒவ்வொரு கூட்டத்திற்கும் நோக்கமும் தீர்மானமும் வகுக்கப்பட்டிருந்த நாட்டில், கட்டளையற்ற சில நிமிடங்களைத் தனியொருவர் பனியில் நின்று எதிர்கொள்ள நேர்ந்தது. ‘வெற்றுச் செயல்’ என்று குழுவினர் அழைத்தது இத்தகைய இடைவெளியையே.

இந்நிகழ்வுகளின் வருணனைகள், ஒளிப்படங்கள், பங்கேற்றோரின் நினைவுரைகள் யாவும் ‘ஊருக்கு வெளியே பயணங்கள்’ என்னும் தலைப்பில் தட்டச்சுத் தொகுதிகளாயின. 1998-இல் மாஸ்கோவில் நூலாயின. 2011-இல் வெனிஸ் கலை விழாவின் ரஷ்ய அரங்கு இக்குழுவின் பணிக்கு அளிக்கப்பட்டது. அரசின் கண்ணுக்கு எட்டாத வயலில் தொடங்கிய கலை, அந்த அரசு மறைந்த பின் நாட்டின் பெயரால் காட்சிக்கு வந்தது.

கவிஞர் இதனின்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. நூலை இழுத்தவர் கைக்கு வந்த தாளில் கவிதை இல்லை; ஆயினும் அதை அடைய நடந்த நடையும், காத்திருந்த பொழுதும், திரும்புவதா என்னும் தயக்கமும் அவருக்கே உரியவை. படைப்பின் பொருளை வாசகரே நடந்து சென்று பெறட்டும் என்று விட்டுவிடும் துணிவு, அந்தப் பனிவெளி விட்டுச்சென்ற பாடம்.