வெலிங்டன் பனிச்சரிவு

பனி என்றதும் மார்கழி வைகறையிற் புல்நுனியில் நிற்கும் துளியையே நினைப்பது நம் நாட்டார் இயல்பு. மலைச்சரிவில் ஆளுயரத்துக்கு மேற் குவிந்துகிடக்கும் வெண்பனி, ஒரு நொடியிற் பிடிவிட்டு இறங்கி ஊரையே வாரிக்கொண்டு போகும் என்பதை நாம் கண்டதில்லை. எனினும், மாரிகாலத்து மண்சரிவை அறிந்த மலைநாட்டார்க்கு அதன் தன்மை ஓரளவு விளங்கும்.

ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள வாஷிங்டன் மாநிலத்திலே காஸ்கேட் மலைத்தொடரைக் கடந்து செல்லும் பாதையை அமைத்தது கிறேற் நோதேண் புகையிரதக் கம்பனி. அப்பாதையில், இரண்டரை மைலுக்குச் சற்று மேற்பட்ட சுரங்கமொன்றின் மேற்கு வாயிலருகே வெலிங்டன் என்னும் சிற்றூர் இருந்தது. 1910 பெப்ரவரியில் ஸ்போக்கேன் நகரிலிருந்து சியாற்றில் நோக்கிப் புறப்பட்ட பிரயாணிகள் வண்டியும், தபால் வண்டியும் பனிப்புயலில் அகப்பட்டன. முதலிற் சுரங்கத்தின் கிழக்குப் புறத்திலே தடைப்பட்டு நின்ற அவை, பின்னர் வெலிங்டனை அடைந்தன. அவை அகன்றபின், கிழக்குப் புறத்திற் பிரயாணிகள் உணவருந்திய சாலைமீதே பனி சரிந்து இருவரைப் பலிகொண்டது. இதனினும் தெளிவான எச்சரிக்கை வேறு யாது வேண்டும்?

ஒன்பது நாட்கள் புயல் ஓயவில்லை. பனியை வெட்டி எறியும் சுழற்கலப்பை இயந்திரங்கள், சரிந்த பனியோடு வந்த மரங்களிலும் பாறைகளிலும் சிக்கி நின்றன. நிலக்கரி குறைந்தது. தந்திக் கம்பிகள் அறுந்தன. பனி அள்ளிய கூலியாட்கள் கூலி போதாதென்று வேலையைவிட்டு நடந்தனர். அந்தக் குளிரில் அவர்கள் கேட்டது மிகையென்று கூறுவது கடினம்.

வண்டிகள் செங்குத்தான சரிவின் அடியில் நின்றன. அச்சரிவின் மரங்களோ முன்னரே காட்டுத் தீயில் அழிந்திருந்தன. பனியைத் தாங்கி நிறுத்தும் வேர்களும் அடிமரங்களும் அங்கே இல்லை. வண்டிகளைச் சுரங்கத்துள் மீட்டும் கொண்டுசெல்லுமாறு பிரயாணிகள் பலர் வேண்டினர். சுரங்கம் குளிரும் ஈரமும் புகையும் நிறைந்தது, வண்டிகள் நிற்கும் இடத்தில் முன்னொருபோதும் பனி சரிந்ததில்லை என்பதே அதிகாரிகளின் விடை. அவர்களைக் கொடியவர் எனல் பொருந்தாது; பகுதி அத்தியட்சகர் ஓநீல் இரவுபகலாகக் கலப்பை இயந்திரங்களோடு நின்று உழைத்தவர். ஆயினும், முன்பு நிகழாதது இனியும் நிகழாதென்ற எண்ணத்தின்மீது உயிர்கள் வைக்கப்பட்டன. சிலர் அவ்வெண்ணத்தை நம்பாது, பனியிற் சறுக்கியும் வீழ்ந்தும் கால்நடையாகக் கீழே இறங்கிப் பிழைத்தனர்.

பெப்ரவரி 28 ஆம் நாள் பனி மழையாக மாறிற்று. புதிதாகப் படிந்த பனி கீழ்ப்படையோடு நன்கு பிணையாதிருக்கும்போது, மழைநீர் அதன் பாரத்தைக் கூட்டிப் பிணைப்பையும் தளர்த்தும். ஆகவே புயல் தணிவதுபோலத் தோன்றும் வேளையே ஆபத்து முற்றும் வேளையாகலாம். இடிமின்னலுக்கிடையே, மார்ச் 1 ஆம் நாள் அதிகாலை ஒரு மணிக்குப் பின், ஏறத்தாழ அரை மைல் நீளமான பனித்திரள் சரிந்தது. உறங்கியவர்களோடு இரு வண்டிகளும் 150 அடி ஆழத்திலுள்ள டை ஆற்றுப் பள்ளத்தில் எறியப்பட்டன. 96 பேர் மாண்டனர். 23 பேர் உயிர்தப்பினர். இறுதி உடல் யூலை மாதத்திலேதான் கிடைத்தது.

வழக்கு மாநில உயர்நீதிமன்றம்வரை சென்றது. 1914 இல், இது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட இயற்கை நிகழ்வெனக் கொண்டு, கம்பனிமீது பொறுப்புச் சுமத்திய கீழ்நீதிமன்றத் தீர்ப்பை அந்நீதிமன்றம் மாற்றிற்று. கம்பனியோ ஊரின் பெயரை டை என மாற்றியது. பாதைக்கு மேலே கொங்கிறீற் கூரைகள் எழுப்பியது. 1929 இல் மலையின் தாழ்ந்த மட்டத்திலே ஏறக்குறைய எட்டு மைல் நீளமான புதிய சுரங்கத்தைத் திறந்து, பழைய பாதையையே கைவிட்டது. இன்று அவ்வழியே நடந்து செல்வோர் பாசி படர்ந்த அக்கூரைச் சுவரைக் காணலாம்.